நிபோங் திபால் சந்தைக்குக் கயிறில்லாமல் போன கதை

பினாங்குத் தீவிலிருந்து நிபோங் திபாலுக்கு நான் போனது ஊர் பார்க்க அல்ல, மாடு வாங்க. எங்கள் வீட்டுக்கு வருகிற பாலில் துணி அலசலாம், அவ்வளவு தண்ணீர். மூன்று பிள்ளைகள் அதைக் குடித்து வளர்கிறார்கள் என்பது என் மனைவி கமலத்தின் தீராத குறை. ஒரு நாள் சோற்றைப் போட்டுவிட்டு, "இந்த வீட்ல மாடு வந்தாத்தான் இனிமே மோர்" என்று சொல்லிவிட்டாள். மோர் இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே இந்தப் பயணம்.

ரப்பர் விலை அடியோடு படுத்துவிட்ட வருஷம் அது. அக்கரையில் பெருநிலத்துத் தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து, கூட்டம் கூட்டமாக நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். நான் துறைமுகத்துக் கிடங்கில் வேலை பார்க்கிறவன். மூட்டையும் சட்டியுமாக அவர்கள் கரையில் உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்ப்பேன். போகிறவர்கள் ஆடு மாடுகளை நிபோங் திபால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றுவிட்டுப் போகிறார்கள் என்று செய்தி கொண்டுவந்தவர் கமலத்தின் அண்ணன் சபாபதி, அதாவது என் மச்சான். "இப்ப விட்டா இப்படி மாடு கிடைக்காது மாப்ளே" என்றார். கேட்க அவ்வளவு நன்றாக இல்லை. ஆனாலும் போனேன்.

மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை. சைக்கிள் கடை வைத்திருக்கிறார். உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது. மாட்டுக்குச் சுழி பார்ப்பது, பல் பிடித்து வயது சொல்வது, மடியைத் தொட்டுப் பால் சொல்வது எல்லாம் தனக்குக் கைவந்த கலை என்று வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன்.

ஞாயிறு காலை தண்ணீர்மலையடியில் முருகனைக் கும்பிட்டு நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, வெள்ளைக் கோட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அங்கிருந்து துறைமுகத்துக்கு ரிக்‌ஷா முப்பது காசு. புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பினாங்கு ரயில் நிலையம் என்று பெரிய கடிகாரக் கோபுரத்தோடு ஒரு கட்டடம் இருக்கிறதே, அதற்குள் போய் ரயிலைத் தேடாதீர்கள். அங்கே டிக்கெட் உண்டு, தண்டவாளம் கிடையாது. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஃபெர்ரியில் ஏறி, அக்கரையில் பிறை என்ற ஊரில் இறங்கினால்தான் ரயில். மூன்றாம் வகுப்பு, நிபோங் திபால் வரை ஆளுக்கு அறுபது காசு. கடல் அன்று அமைதியாக இருந்தது. மச்சான் மட்டும் ஃபெர்ரி ஓட்டுகிறவரின் தவறுகளை எனக்கு விளக்கிக்கொண்டு வந்தார்.

பிறையிலிருந்து தெற்கே சுமார் இருபது மைல், ஒரு மணி நேர ஓட்டம். புக்கிட் மெர்த்தாஜாம் மலை கிழக்கே பின்தங்கும்வரை வயலும் தென்னையும் மாறி மாறி வரும். அதற்கப்புறம் ரப்பர் மரங்கள்தான். அந்த வருஷம் பல தோட்டங்களில் மரத்துக்குக் கீழே புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. பட்டை வெட்டிப் பால் எடுக்க ஆளில்லை, எடுத்தாலும் வாங்க ஆளில்லை. எதிர்ப் பலகையில் இருந்த மலாய்க்காரர் மடியில் இரண்டு சேவல்களை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். சேவல்கள் தூங்கவில்லை. அவற்றில் ஒன்று என் கோட்டுப் பித்தானைக் கொத்திப் பார்த்தது. ஜன்னல் பக்கம் உட்காருவது நல்லது.

நிபோங் திபால் நிலையத்தில் இறங்கியதும் ஊர் உங்கள் முன்னால் நிற்கும், தேட வேண்டியதில்லை. நிலையத்திலிருந்து ஒரே நீளமான கடைத்தெரு. இரண்டு பக்கமும் மாடி வைத்த சீனர் கடைகள், முன்னால் ஐந்தடி நடைபாதை. நடுவில் இரண்டு மூன்று ராவுத்தர் கடைகள், வட்டிக்குக் கொடுக்கும் ஒரு செட்டியார் கிட்டங்கி, ஒரு தமிழ் நாவிதர் கடை, ஒரு மருந்துக்கடை. தெருமுனையில் போலீஸ் நிலையம், அதன் பார்வையிலேயே கள்ளுக்கடை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர் புத்திசாலி. இன்னும் கொஞ்சம் நடந்தால் கிரியான் ஆறு, நிப்பா என்ற நீர்ப்பனைப் புதர்களுக்கு நடுவே சேறு கலங்கி மெதுவாகப் போகிறது.

வண்டியைவிட்டு இறங்கினால் முதல் வேலை காப்பி. நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் குடிக்கலாம், நன்றாக இருக்கும். தவுக்கே, அதாவது கடை முதலாளியான சீனர், ஐம்பது வயசுக்காரர், தோட்டத்துத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. நிபோங் என்பது முள் நிறைந்த ஒரு பனை, அது அடர்ந்து கிடந்த இடமென்பதால் ஊருக்கு இந்தப் பெயர் என்று அவர்தான் சொன்னார். "மரம் எங்கே?" என்று கேட்டேன். வீட்டுக்குத் தளம் போடவும் கடலில் மீன் பொறிக்குக் கால் நடவும் வெட்டித் தீர்த்துவிட்டார்களாம். இப்போது ஊரில் ஒரு நிபோங் மரம் பார்க்க வேண்டுமென்றால் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்துப் பக்கம் போக வேண்டும்.

"எங்க அப்பா வந்தப்போ எல்லாம் கரும்புலா" என்றார் அவர். "ஆத்துல படகு, படகு நிறைய சக்கரை. கடை எல்லாம் ஆத்தப் பாத்து இருந்திச்சு. அப்பறம் ரயில் வந்திச்சு, கடை எல்லாம் இந்தப் பக்கம் திரும்பிச்சு. அப்பறம் கரும்பு போச்சு, பால் மரம் வந்திச்சு. இப்ப பால் மரமும் போவுதோ என்னமோ." ரப்பரைத்தான் இங்கே பால் மரம் என்கிறார்கள். சொல்லிவிட்டு என் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். ஒரு ஊரின் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆற்றங்கரையில் பழைய கடைகளின் முதுகுகளைப் பார்த்தால் அவர் சொன்னது விளங்கும். அந்த முதுகுகள்தான் ஒரு காலத்தில் முகங்கள். வாசற்படி ஆற்றுக்குள் இறங்கும், இன்று அதில் துணி காய்கிறது.

ஊருக்கென்று தனி விளைச்சல் எதுவும் இல்லை. வாங்கி விற்பதுதான் பிழைப்பு. வார நாட்களில் மலாய்க்காரர்கள் நெல்லும் மீனும் கொண்டுவருகிறார்கள், சீனர்கள் கீரையும் வாத்து முட்டையும் கொண்டுவருகிறார்கள், மதியத்துக்குள் பாசார் என்கிற அன்றாடச் சந்தை காலி. அதன்பிறகு கடைக்காரர்கள் பலகையில் படுத்துத் தூங்குகிறார்கள். தூங்காத ஒரே ஆள் நாவிதர். அவரிடம் முகம் மழித்துக்கொண்டால் ஊர்வம்பு இலவசம். ஞாயிற்றுக்கிழமைதான் ஊர் முழுதாக விழித்திருக்கும் நாள். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து தமிழர்கள் மாட்டு வண்டியிலும் நடையிலும் வந்து சேருகிறார்கள். கருவாடு, மண்ணெண்ணெய், பித்தளைக் குடம், சேலைத் துணி, குழந்தைக்கு வெள்ளைப் பூண்டு. மாரியம்மன் கோயிலில் மணி நிற்பதில்லை.

அந்த ஞாயிறு அப்படி இல்லை என்று நாவிதர் சொன்னார். வாங்குகிறவர்களைவிட விற்கிறவர்கள் அதிகமாக இருந்தார்கள். பித்தளைக் குடத்தை வாங்க வராமல் விற்கக் கொண்டுவந்திருந்தார்கள். தரையில் சாக்கு விரித்து அம்மிக்கல்லை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மியைக் கப்பலில் ஏற்றவிட மாட்டார்களாம். அதை யார் வாங்குவார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கால்நடைகள் பாசாருக்குப் பின்னால், ஆற்றுக்குப் போகிற வழியில் மழைமரத்தடியில் கட்டப்பட்டிருந்தன. மச்சான் களத்தில் இறங்கினார். ஒரு மாட்டுக்கு முதுகுச் சுழி சரியில்லை, இன்னொன்றுக்கு வயசு அதிகம், மற்றொன்று என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. கடைசியில் ஒரு செவலைப் பசுவின் முன்னால் நின்றார். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, அகன்ற இடுப்பு, ஆறு மாதச் சினை. எனக்கே பிடித்துவிட்டது. அதன் கழுத்தில் கை வைத்தபடி ஒரு பெண் நின்றிருந்தாள், பெயர் அஞ்சலை. பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர் அவள் புருஷன் கருப்பையா. இரண்டு பேரும் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். புதன்கிழமைக் கப்பலில் பேர் கொடுத்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை ரயிலில் தோட்டத்து ஆட்கள் எல்லாரையும் பினாங்குக்கு அனுப்புகிறார்கள்.

விலை பேசுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மச்சான் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கருப்பையாவின் கைமேல் போட்டார். துண்டுக்கடியில் இருவரும் விரல்களைப் பிடித்தார்கள். ஒருவர் விரலை அழுத்துவார், மற்றவர் தலையை ஆட்டுவார், திரும்ப வேறு விரல். சுற்றி நிற்கிறவர்களுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்கு இந்த ஏற்பாடு. காசு கொடுக்கப் போகிற எனக்கும் தெரியவில்லை. பக்கத்திலேயே பச்சைத் துண்டு போட்ட ஒரு தரகர் சிரித்துக்கொண்டு காத்து நின்றார். ஒரு வழியாகக் கருப்பையா தலையசைத்தார், மச்சான் வெற்றியோடு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கயிறு எங்கே அண்ணே?" என்று அஞ்சலை என்னைக் கேட்டாள்.

"என்ன கயிறு?" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் மேலே பார்த்தார். மரத்தில் ஏதோ பறவை இருந்திருக்க வேண்டும்.

என்னைப் போல் பட்டணத்திலேயே இருந்துவிட்டவர்களுக்கு இது தெரிந்திருக்காது. நம் ஆட்கள் மாட்டை விற்றால் மாட்டைத்தான் கொடுப்பார்கள், கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வாங்குகிறவர் தன் வீட்டிலிருந்து ஒரு கயிறு கொண்டுவந்து மாட்டுக்குக் கட்ட வேண்டும். பழைய கயிற்றை அவிழ்த்து விற்றவர் எடுத்துக்கொள்வார். கயிறு மாறினால்தான் மாடு மாறியது. அதுவரை பணமே கைமாறியிருந்தாலும் மாடு பழைய ஆளுடையதுதான். இதைத்தான் வாரம் முழுக்கச் சுழி பற்றிப் பேசிய என் மச்சான் மறந்துபோயிருந்தார்.

"அதுக்கென்ன, அதோ சீனன் கடையில வாங்கிட்டா போச்சு" என்றார் அவர்.

"கடைக் கயிறு வேணாம்" என்றாள் அஞ்சலை. "மாடு கட்ட எடம் உள்ளவங்க கயிறோட வருவாங்க. கயிறு இல்லாம வர்றவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும். போன வாரம் எங்க லயத்துல பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்கா மாட்டையும் இப்படித்தான் ஒருத்தர் வாங்கினாரு. பட்ட பட்டையா துன்னூறு, வெள்ளக் கோட்டு. வீட்டுக்குத்தான்னாரு. அன்னைக்குச் சாயங்காலமே கசாப்புக் கொட்டாய்க்கு ஓட்டிட்டாங்க. அதுவும் சினை மாடு."

எல்லாரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். அப்புறம் என் கோட்டைப் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது, மறைக்கவில்லை. காலையில் முருகனைக் கும்பிட்டு வந்த மனுஷனைக் கசாப்புத் தரகன் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? "வேணாம்னா விடு, வேற மாடா இல்ல" என்று திரும்பினேன். அப்போது பச்சைத் துண்டுக்காரர் முன்னால் வந்து, நாங்கள் பேசியதற்கு மேல் தருவதாக வாய்விட்டே சொன்னார். அவர் கையில் கயிறும் இருந்தது. அஞ்சலை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கசாப்புத் தரகர் என்று சந்தைக்கே தெரியும். அவருக்கும் அது பிழைப்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கூடுதல் காசை அவள் காதிலேயே வாங்காமல் நின்றதைப் பார்த்ததும் என் ஆத்திரம் இறங்கிவிட்டது. அவளுக்கு வேண்டியது விலை இல்லை, அந்த மாடு உயிரோடு ஒரு வீட்டில் நிற்பதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பி வந்து, என் வீடு எங்கே, எத்தனை பிள்ளைகள் என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேள்விகள் சுருக்கமாக வந்தன.

"எங்க கட்டுவீங்க?"

"பின்னால பலா மரத்தடியில."

"மழை பேஞ்சா?"

நான் கோட்டுப் பித்தானைத் திருகினேன்.

"யாரு கறப்பாங்க?"

அதற்கு மச்சான்தான் வாயைத் திறந்தார். "என் தங்கச்சி கறப்பா. ஆயர் ஈத்தாம் கிராமத்துல எங்க அப்பா மாடு வச்சிருந்தாரு. எட்டு வயசுலேயே கறந்தவ." கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், என் மனைவிக்குப் பால் கறக்கத் தெரியும் என்பது எனக்கு நிபோங் திபாலில் வைத்துத்தான் தெரிந்தது. என் முகத்தில் அது அப்படியே தெரிந்திருக்க வேண்டும். அஞ்சலை முதல் தடவையாகச் சிரித்தாள். பொய் சொல்ல வந்தவன் இவ்வளவு முழிக்க மாட்டான் என்று நினைத்தாளோ என்னவோ.

முடிவு சொன்னவர் கருப்பையா. அன்று அவர் பேசியதே அதுதான். "எப்படியும் பினாங்குக்குத்தானே வரணும். நடந்தே ஓட்டிட்டு வர்றோம்."

அப்படித்தான் தீர்மானமாயிற்று. மூட்டைகளை லயத்து ஆட்கள் ரயிலில் கொண்டுவந்துவிடுவார்கள். இவர்கள் இருவரும் மாட்டோடு சாலை வழியே பட்டர்வொர்த் வரை நடந்து, வண்டி ஏற்றும் ஃபெர்ரியில் கடந்து, செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வருவார்கள். இடத்தைப் பார்த்துப் பிடித்தால்தான் கயிறு மாறும், அதற்கு முன் ஒரு காசு வாங்க மாட்டாள். வழி காட்ட எங்களில் ஒருவர் கூட நடக்க வேண்டும் என்றாள். எனக்குத் திங்கட்கிழமை வேலை. நான் மச்சானைப் பார்த்தேன், மச்சான் தன் புதுச் செருப்பைப் பார்த்தார்.

ராவுத்தர் கடையில் மீன் குழம்போடு சோறு சாப்பிட்டேன், நன்றாக இருந்தது. வண்டிக்கு நேரம் இருந்ததால் ஆற்றங்கரையில் உட்கார்ந்தேன். அந்த ஆற்றோரம் இருட்டினால் மரம் மரமாக மின்மினி மொய்க்குமாம், பார்க்க வேண்டுமென்றால் ஒரு ராத்திரி தங்க வேண்டும். எனக்கு அதில் மனம் செல்லவில்லை. அஞ்சலை துணிந்த துணிச்சலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் வீடு அவளுக்குச் சரிப்படவில்லை என்றால், புதன்கிழமைக் கப்பலுக்குள் பினாங்கில் வேறு யாரைத் தேடுவாள்? தெரியாத ஊரில் மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். என்னை நம்பி அவ்வளவு தூரம் வருகிறாள் என்பது எனக்குப் பயமாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கமலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு ஆம்பளைங்க மாடு வாங்கப் போறீங்க, கயிறு எடுத்துக்கோங்கன்னு கூடவா நான் சொல்லணும்?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கொட்டகைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். திங்கட்கிழமை வேலை விட்டு வருகிற வழியில் கழியும் அத்தாப்பு ஓலையும் வாங்கி வந்தேன். இரண்டு பேருமாகப் பலா மரத்தை ஒட்டிக் கூரை போட்டோம். அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கமலம் தரையில் சரளை கொட்டி, மூத்திரம் ஓட வாய்க்கால் வெட்டினாள். புதுத் தேங்காய்நார்க் கயிறு ஒன்றுக்கு மஞ்சள் தடவி ஆணியில் மாட்டினாள். அவள் கைவேகத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கிடங்கில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பத்து மணி வாக்கில் தெருமுனையில் முதலில் மாடு தெரிந்தது, அப்புறம் அஞ்சலை, அப்புறம் கருப்பையா. மச்சான் எல்லாருக்கும் பின்னால், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஃபெர்ரியில் மாடு மிரளவே இல்லையாம், கடல் ஆடியது தனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வந்ததும் பலகையில் சாய்ந்தவர் மாலை வரை எழுந்திருக்கவில்லை.

அஞ்சலை தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே பின்பக்கம் போனாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். சாய்ந்த கழியை ஒரு உதை உதைத்துப் பார்த்தாள், விழவில்லை. தரைச் சரளையைக் காலால் தேய்த்தாள், வெட்டிய வாய்க்கால் எங்கே போகிறதென்று குனிந்து பார்த்தாள். நான் பரீட்சை எழுதியவன் போல நின்றேன். கடைசியில் கமலத்தின் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையையும் கட்டைவிரலையும் பார்த்தாள். "கறந்து ரொம்ப நாளாச்சு போல" என்றாள். "மறக்காது அக்கா" என்றாள் கமலம். இரண்டு பேரும் மாட்டோடு தனியாக நின்று ஏதோ பேசினார்கள், எனக்குக் கேட்கவில்லை.

கமலம் மஞ்சள் கயிற்றை எடுத்து நீட்டினாள். அஞ்சலை மாட்டின் கழுத்திலிருந்த பழைய கயிற்றை அவிழ்த்தாள். அவிழ்த்ததைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். மாடு தலையை உதறியது. சட்டென்று அதே கயிற்றை மறுபடி கட்டி முடிச்சுப் போட்டாள். புதுக் கயிற்றைக் கமலத்தின் பக்கம் தள்ளி, "இது இருக்கட்டும் தங்கச்சி, புதுசு கழுத்த அறுக்கும்" என்றாள். நான் கொடுத்த பணத்தை எண்ணாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். கமலம் போட்ட சாப்பாட்டை இருவரும் சாப்பிட்டார்கள். போகும்போது கருப்பையா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அவள் திரும்பவில்லை.

மறுநாள் கிடங்கிலிருந்து அந்தக் கப்பல் கிளம்பியதைப் பார்த்தேன். தூரத்தில் முகம் எதுவும் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மாடு தெருப்பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. "கயிறு மாத்த மறந்துட்டாங்களே, நீயே மாத்திடு" என்றேன் கமலத்திடம்.

"மறக்கல" என்றாள். "விக்க மனசு வரல அவளுக்கு. அதான் கட்டிட்டுப் போயிட்டா."

"பணம் வாங்கினாளே?"

"அது நாம குடிக்கப் போற பாலுக்கு. மாடு அவளோடதுதான்."

நான் மாட்டுக்குத் தண்ணீர் எடுத்துப் போனேன். துண்டுக்கடியில் என்ன விலை பேசினோம் என்பதைக்கூட மச்சான் அதற்குள் எனக்குச் சொல்லியிருந்தார், அது முழு மாட்டின் விலைதான், ஆனாலும் நான் கணக்குப் பேசப் போகவில்லை.

இது நடந்து பல மாதங்கள் ஆகின்றன. போக நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த வரை சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போங்கள், மற்ற நாட்களில் மதியத்துக்கு மேல் ஊரில் காக்கைகூடப் பறக்காது. முதல் ரயிலைப் பிடித்தால் சந்தை கலைவதற்குள் சேரலாம். காப்பி நிலையத்துக்கு எதிரே, சோறு ராவுத்தர் கடையில். ஆற்றுப் பக்கம் போகிறவர்கள் நல்ல செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், சேறு கணுக்கால் வரை. தங்க வேண்டுமென்றால் காப்பிக் கடை மாடியில் அறை உண்டு, மூட்டைப்பூச்சி பற்றி நான் உத்தரவாதம் தர முடியாது. மாடு வாங்குகிறவர்கள் கயிறு கொண்டு போங்கள். விபூதியைக் கொஞ்சம் குறைவாகப் பூசிக்கொள்ளுங்கள்.

ரப்பர் விலை கொஞ்சம் தலை தூக்குகிறது, தோட்டங்களில் மறுபடி ஆள் எடுக்கிறார்கள் என்று துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள். கப்பல்களில் இப்போது இந்தப் பக்கம் வருகிற கூட்டமும் தெரிகிறது. வேலைக்கு நடுவே நான் போய் முகங்களைப் பார்க்கிறேன், இதுவரை அவர்களைக் காணவில்லை. பழைய கயிறு இரண்டு இடத்தில் நைந்துபோய்விட்டது. கமலம் அந்த மஞ்சள் கயிற்றைப் பிரித்து, அதன் புரிகளை நைந்த இடங்களில் சேர்த்து முறுக்கி வைத்திருக்கிறாள்.

ஆகவே நிபோங் திபால் பக்கம் போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நாகப்பட்டினத்திலிருந்து திரும்பி வந்த அஞ்சலை என்று ஒரு பெண், புருஷன் கருப்பையா, எந்தத் தோட்டத்திலாவது இருக்கிறாளா என்று விசாரியுங்கள். இருந்தால், மாடு நன்றாக இருக்கிறது, கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, கயிறு மாற்றவில்லை என்று சொல்லுங்கள்.